கூட்டமும் சேர்ந்து பாடிய இசைத்தட்டு

ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, பள்ளிக்கூட விடுமுறையில் தாயாருடன் பால்மரம் வெட்டி, இன்று சிரம்பானில் ஒரு தாமானில் குடியிருக்கும் நண்பரொருவர், நாம் இக்கட்டுரை எழுதப்போகும் செய்தி கேட்டு, "அமெரிக்கனுடைய ஆட்டப்பாட்டைப் பற்றி எழுத நமக்கு என்ன வந்தது? நம் வீட்டுச் சங்கதியெல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டதா?" என்று வினவினார். வினா நியாயமானதே. ஆயினும் விடையை எடுத்தவுடனே சொல்லிவிட்டால் அவர் நம்பமாட்டார். ஆகவே முதலில் இசைத்தட்டைப் பற்றிச் சொல்லுகிறோம். வீட்டுச் சங்கதி தானே வந்து சேரும்.

தட்டின் பெயர் 'லைவ் அட் தி ஹார்லம் ஸ்குவேர் கிளப், 1963' என்பது. பாடியவர் தோழர் சாம் குக். (தோழர் என்பது இப்பக்கங்களின் வழக்கம், அவரும் அதை மறுத்திருக்க மாட்டார்.) ஹார்லம் என்றதும் நியூயார்க் நகரத்துப் பேட்டையை வாசகர்கள் நினைக்கக்கூடும். அஃதன்று. இந்தக் கிளப் இருந்தது ஐக்கிய அமெரிக்காவின் தென்கோடியில், மயாமி நகரத்தில், ஓவர்டவுன் என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பில். அக்காலத்தில் மயாமிக் கடற்கரையிலுள்ள பெரிய ஓட்டல்களில் கறுப்பினப் பாடகர் மேடையேறிப் பாடலாம். பாடி முடித்தபின் அங்கே படுத்து உறங்க இடமில்லை. பாலத்தைத் தாண்டி ஓவர்டவுனுக்குத்தான் வரவேண்டும். அந்த ஓட்டல்களில் படுக்கை விரித்தவர்களும் பாத்திரம் துலக்கியவர்களும் அந்தக் குடியிருப்பிலேயே வாழ்ந்தார்கள்.

1963-ம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ந் தேதி, சனிக்கிழமை இரவு, ஆர்.சி.ஏ. கம்பெனியார் தங்கள் ஒலிப்பதிவுக் கருவிகளை அங்கே கொண்டுவந்து வைத்துச் சாம் குக்கின் பாட்டைப் பதிவு செய்தனர். பதிவு செய்தவர்கள் அதை வெளியிடவில்லை. மூடி வைத்துவிட்டார்கள். பாடியவரோ மறு ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு தங்கும் விடுதியில் சுடப்பட்டு, 33-வது வயதில் மாண்டுபோனார். தட்டு கடைக்கு வந்தது 1985-ல்! பாடினவர் வாயை மூடி இருபது ஆண்டுக்குமேல் ஆனபிறகு, அவருடைய உண்மைக் குரல் இன்னதென்று உலகம் அறிந்தது. அன்று முதல் இன்று வரை, மேடையில் பாடிப் பதிந்த தட்டுகளுள் தலையாயவை எவை என்று இசை அறிந்தோர் பேசும்பொழுதெல்லாம் இதன் பெயர் தவறாமல் வருகின்றது. கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் இக்காலத்து இளைஞரும் இதைத் தேடிக் கேட்கின்றனர்.

சாம் குக் 1931-ல் மிசிசிப்பி மாகாணத்தில், பருத்தி விளையும் நாட்டில், கிளார்க்ஸ்டேல் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். குடும்பம் சிக்காகோவுக்குக் குடியேறிற்று. இளமையில் 'சோல் ஸ்டிரர்ஸ்' என்னும் பக்திப்பாடல் குழுவில் தலைமைப் பாடகராயிருந்து, 1957-ல் 'யூ செண்ட் மீ' என்னும் காதற்பாட்டால் நாடெங்கும் பெயர் பெற்றார். தேவாலயத்தில் பாடும் முறையை எடுத்துக் காதலுக்கும் கேளிக்கைக்கும் ஆக்கிக்கொண்ட இசைக்கே 'சோல்' என்று பெயர். அந்த இசையைத் தொடங்கி வைத்தவர்களுள் இவர் ஒருவர். தம் பாட்டுகளின் உரிமையைத் தாமே வைத்துக்கொண்டதோடு, 1959-ல் சொந்தமாக ஓர் இசைத்தட்டுக் கம்பெனியும் தொடங்கினார். அந்நாளில் ஒரு கறுப்பினப் பாடகர் இப்படிச் செய்தது சிறிய காரியமன்று.

இனித் தட்டுக்கு வருவோம். முதலிற் சொல்லவேண்டியது குரல். வானொலியில் நாடறிந்த சாம் குக்கின் குரல் பட்டுத் துணி போன்றது. ஒரு சுருக்கம் இராது. 'கியூப்பிட்' என்னும் பாட்டை 1961-ம் ஆண்டுத் தட்டில் கேட்டு, உடனே இதிலும் கேட்டுப் பார்ப்பவர் இருவேறு ஆட்கள் பாடுவதாகவே எண்ணுவர். இங்கே தொண்டை கரகரக்கிறது. சொல் பாதியில் உடைகிறது. பாடுவதை நிறுத்திச் சிரிக்கிறார், அதட்டுகிறார், கெஞ்சுகிறார், மறுபடியும் பாடுகிறார். பின்னால் கிங் கர்ட்டிஸ் என்பவருடைய சாக்ஸபோன் குழலும் அவர் குழுவினரின் கிட்டாரும் முரசும் ஓட்டமாய் ஓடுகின்றன. ஒரு பாட்டு முடிந்து மறு பாட்டுத் தொடங்குமிடத்தில் மூச்சு விடும் நேரமும் கிடையாது. 'டுவிஸ்டின் தி நைட் அவே' என்னும் பாட்டில் கூட்டத்தாரைக் கைக்குட்டையை எடுத்துச் சுழற்றச் சொல்லுகிறார். நாம் பார்க்கவில்லை, காதால் கேட்கிறோம். ஆனாலும் கைக்குட்டை சுழல்வது தெரிகின்றது. காவடி ஆட்டத்தில் துண்டைச் சுழற்றும் நம் இளைஞரைக் கண்டவர்க்கு இதைப் படம் போட்டுக் காட்டவேண்டியதில்லை.

'செயின் கேங்' என்னும் பாட்டில் நம் தோட்டத்து வாசகர்கள் சிறிது நிற்கவேண்டும். தென் மாகாணங்களில் கைதிகளைக் காலில் சங்கிலி பூட்டிச் சாலை போடும் வேலைக்கு விடுவார்கள். ஊர் ஊராய்ப் பாடச் சென்ற வழியில் ஜார்ஜியா மாகாணத்தில் அத்தகைய கூட்டமொன்றைச் சாம் குக் கண்டார். பாட்டு அங்கிருந்து பிறந்தது. 1960-ல் வந்த தட்டில், வேலை செய்வோர் மூச்சைப் பிடித்து முனகும் ஓசையையும் இரும்பின் ஓசையையும் கூடத்திலிருந்தவர்கள் செய்து கொடுத்தார்கள். மயாமியிலோ அந்த முனகலைக் கூட்டமே செய்கிறது. சனிக்கிழமை இரவில், நல்ல உடை உடுத்துக் கேளிக்கைக்கு வந்த மக்கள், சம்மட்டி அடிப்பவர்களின் மூச்சைத் தங்கள் மூச்சாகப் பாடுகிறார்கள், பாடிக்கொண்டே களிக்கிறார்கள். இதைத் துயரம் என்பதா, களிப்பு என்பதா? இரண்டையும் பிரித்து வைக்கப் பழகிய நமக்கு இது விளங்கச் சிறிது நேரம் ஆகும்.

ஆனால் தட்டின் நடுநாயகம் 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' என்னும் பாட்டுத்தான். அதைத் தொடங்குமுன் நெடுநேரம் பேச்சும் பாட்டுமாய்க் கதை சொல்லுகிறார். பிணங்கிப் பிரிந்த காதலியைத் தொலைபேசியில் அழைத்த கதை. நடுவே தம்முடைய புகழ்பெற்ற 'யூ செண்ட் மீ' பாட்டை ஓர் அடி எடுத்து, கூட்டம் அலறியதும் அதை விட்டுவிடுகிறார்! பெரிய வித்வான் ஒருவர் எல்லாரும் எதிர்பார்க்கும் உருப்படியைக் காட்டி மறைப்பது போன்ற குறும்பு இது. பிறகு பாட்டுத் தொடங்குகிறது. 1962-ல் வந்த தட்டில் அவர் ஓர் அடி பாட, லூ ராள்ஸ் என்னும் மற்றொரு நல்ல பாடகர் 'ஆம்' என்று பின்பாட்டுச் சொல்லி நிற்பார். மயாமி மேடையில் லூ ராள்ஸ் இல்லை. அந்த 'ஆம்' என்பதைச் சொல்லும் பொறுப்பைக் கூட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஒருமுறை சொல்லி நிற்கவில்லை, ஒவ்வோரடிக்கும் சொல்லுகிறது, வரவர ஓங்கிச் சொல்லுகிறது. வில்லுப்பாட்டில் 'ஆமாம்' போடும் பக்கப்பாட்டுக்காரர் இடத்தில் ஊரே உட்கார்ந்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கிறது. இந்தத் தட்டு ஏன் பழசாகவில்லை என்று கேட்பவர்க்கு நம் விடை இதுதான். கூட்டம் இதிலே கேட்கவில்லை, பாடுகிறது. அறுபது ஆண்டுக்குப் பின்னும் கேட்கிற நாமும் கைதட்டுகிறவர்களின் வரிசையில் அன்றி, பதில் சொல்லுகிறவர்களின் வரிசையில் நிற்கிறோம்.

குறை இல்லையா? உண்டு. தட்டு முழுதும் 40 நிமிஷங்கூட ஓடாது. ஒலிப்பதிவு சில இடங்களில் முரடாகவே இருக்கிறது. பாட்டின் சொற்கள் பெரும்பாலும் மெல்லியவை. சமையலறையில் மறந்து வந்த பாத்திரம்போல், பாட்டு முடிந்தவுடன் நினைவில் நில்லாதவை. பின்னர் வந்த மறுபதிப்புகளில் கூட்டத்தின் ஒலியை ஒன்றில் ஏற்றியும் ஒன்றில் இறக்கியும் வைத்திருக்கிறார்கள். இறக்கியதைக் கேட்பதில் பயனில்லை என்பது நமது அபிப்பிராயம். கூட்டத்தைக் குறைத்தால் பாடகர் தெளிவாய்க் கேட்கும் என்று எண்ணுகிறவர், மரத்தைத் தெளிவாய்க் காட்ட மண்ணை வாரி அகற்றுகிறவர்.

அப்படியானால் கம்பெனியார் இதை ஏன் மறைத்தார்கள்? முரடாயிருக்கிறது என்பதுதான் காரணம். சாம் குக் என்றால் வெள்ளைக்காரக் குடும்பங்களும் வரவேற்பறையில் வைத்துக் கேட்கத்தக்க மெல்லிய பாடகர் என்று அவர்கள் ஒரு சரக்கைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரகரத்த குரலையும், இந்த அலறும் கூட்டத்தையும் வெளியிட்டால் அந்தச் சரக்குக்கு நஷ்டம் வரும் என்று அஞ்சினார்கள். ஆனால் பழியை முழுவதும் கம்பெனியார் தலையில் ஏற்றுவதும் நேர்மையாகாது. சாம் குக்கும் அந்த வரவேற்பறையை விரும்பினார். நியூயார்க்கில் கோப்பகபானா என்னும் செல்வர் விருந்துக்கூடத்தில் 1958-ல் பாடித் தோற்றவர், 1964 ஜூலையில் மீண்டும் சென்று வென்றார். அந்தப் பாட்டு மூன்று மாதத்துக்குள் தட்டாக வெளிவந்துவிட்டது. அதையும் நாம் கேட்டோம். சுத்தமான பாட்டு, அளவான சிரிப்பு, அளவான கைதட்டல். 18 மாத இடைவெளியில் ஒரே மனிதர் இரண்டு கூடங்களில் பாடினார். ஒன்று 3 மாதத்தில் விற்பனைக்கு வந்தது, மற்றொன்று 22 ஆண்டு காத்திருந்தது. எது எந்த மக்களின் நடுவே பாடப்பட்டது என்பதை நினைத்தால் வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இதே காலத்தில் ஜேம்ஸ் பிரவுன் என்பவர் செய்ததையும் சொல்லவேண்டும். நியூயார்க் நகரத்து ஹார்லத்தில் அப்பாலோ அரங்கில் தாம் பாடுவதை அப்படியே தட்டாக்க வேண்டுமென்று அவர் கேட்டபொழுது, அவருடைய கம்பெனி முதலாளி பணம் கொடுக்க மறுத்தார். அவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டு 1962 அக்டோபர் 24-ந் தேதி பதிவு செய்வித்தார். மறு ஆண்டு வெளிவந்த அந்தத் தட்டு 66 வாரம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நின்றது. ஆகவே 'முரட்டுப் பாட்டு விற்காது' என்ற வாதமும் அந்த ஆண்டிலேயே பொய்த்துவிட்டது. பொய்த்த பின்னும் சாம் குக்கின் நாடா பூட்டிலேயே இருந்தது.

நிற்க. சீர்திருத்த எண்ணமுடையோர் சாம் குக்கின் பெயரைச் சொன்னால் 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' என்னும் பாட்டையே எடுத்துக் காட்டுவார்கள். மாற்றம் வரும் என்று பாடிய பாட்டு அது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு ஊன்றுகோலாயிற்று. 1963 அக்டோபரில் லூயிசியானா மாகாணத்தில் ஓட்டலொன்றில் இடங்கொடாமல் விரட்டி, பிறகு அவரைக் கைதும் செய்த அவமானத்துக்குச் சில மாதங்களுக்குள் பதிவான பாட்டு. அதைப் போற்றுவது தக்கதே. ஆனால் மயாமித் தட்டை 'வெறும் ஆட்டப்பாட்டு' என்று தள்ளிவிட்டு அதை மட்டும் போற்றுவது, மக்கள் அழும்பொழுது மட்டும் அவர்களை மதிப்பது போலாகும். அவர்கள் சிரிக்கும்பொழுதும் மதிக்கத் தெரியவேண்டாமா?

இங்கேதான் நண்பர் கேட்ட வீட்டுச் சங்கதி வருகிறது.

பால்மர வேலை தனி ஆளின் வேலை என்பதை அதைச் செய்தவர்கள் அறிவார்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, கங்காணி காட்டிய நிரைக்குள் நுழைந்தால், மங்கும் கத்தியும் கொசுவுமே துணை. நாற்று நடும் பெண்களைப்போல வரிசையாய் நின்று பாடிக்கொண்டே வேலை செய்ய அங்கே வழியில்லை. அடுத்த நிரையில் இருப்பவரைக் கூப்பிட்டால் காது கேட்கும், முகம் தெரியாது. ஆகவே நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் மக்கள் ஒரே குரலாய்ச் சேர்ந்தது திருவிழா இரவிலும், கூத்து இரவிலும், சாவு வீட்டிலுமே. உறுமியும் தப்பும் அங்கே வெறும் வாத்தியங்களல்ல; பகலெல்லாம் தனித்தனியே நின்றவர்களை இரவில் ஒன்றாய்க் கூட்டிய கருவிகள். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டத்தாரும் பஹாவ் பக்கத்துத் தோட்டத்தாரும் தத்தம் அடிக்குத் தனிப்பெயர் வைத்துப் பெருமை பேசியதை நாமே கேட்டிருக்கிறோம்.

அந்தக் குரலை நாம் என்ன செய்தோம்? 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து சென்றபின் இந்நாட்டில் வலுப்பெற்ற சீர்திருத்த உணர்ச்சி, கள்ளையும் சாதியையும் மூடப்பழக்கத்தையும் எதிர்த்துத் தோட்டத்து மக்களைத் தலைநிமிரச் செய்தது. அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. சாவுக்குப் பறையடிப்பது எங்கள் பிறப்புக்கு விதித்த வேலையன்று என்று சிலர் கருவியைக் கீழே வைத்தது அவர்களுடைய தன்மான உரிமை; அதையும் குறைகூற எவருக்கும் வாயில்லை. ஆனால் அடிமைத்தனத்தை வெறுத்த வேகத்தில் ஓசையையும் வெறுத்தோம். 'அது தோட்டத்துச் சத்தம்' என்ற சொல் நம் சங்கங்களிலேயே வழங்கிற்று. கூட்டம் என்றால் மேடை, மாலை, வரவேற்புரை, நன்றியுரை. நடுவே ஹார்மோனியத்தோடு ஒரு பாட்டு. அளவான கைதட்டல். கோப்பகபானாவை நாமும் கட்டினோம்! உறுமி மேளம் அடிக்கும் இளைஞரைக் கண்டாலே சண்டைக்காரக் கும்பல் என்று முகஞ்சுளிக்கும் பட்டணத்துப் படிப்பாளிகள் இன்றும் நம்மிடையே உண்டு. சாம் குக்கின் நாடாவைப் பூட்டிவைத்த கம்பெனியாரைக் கண்டிக்கும் உரிமை நமக்கு எவ்வளவு என்பதை அவர்கள் கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

ஒரு வேறுபாடு உண்டு. கம்பெனியார் மறைத்தார்களே தவிர, பதிவு செய்துவிட்டு மறைத்தார்கள். பிற்காலத்தில் ஒருவர் தேடியபொழுது அது கிடைத்தது. ஓவர்டவுன் கிடைக்கவில்லை. 1960-களில் நெடுஞ்சாலைகளை அந்தக் குடியிருப்பின் நெஞ்சின்மேலேயே போட்டார்கள். வீடுகள் இடிந்தன, மக்கள் சிதறினார்கள். அந்தச் சனிக்கிழமை இரவில் 'ஆம்' சொன்னவர்களின் தெருக்கள் பலவும் இன்று இல்லை. சொன்ன குரல் மட்டும் இருக்கிறது. நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுப்புறங்களில் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியதை வாசகர்கள் கண்ணால் கண்டார்கள். லயம் போயிற்று, ஆயாக்கொட்டகை போயிற்று. கோயிலுக்கும் பள்ளிக்கும் இடம் கேட்டு மனுக் கொடுத்த கதைகள் வேறு. தோட்டத்துப் பாட்டின் சொற்களைத் திரட்டி அச்சிட்ட அறிஞர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அச்சில் சொல் இருக்கும், மூச்சு இராது. சாம் குக்கின் பாட்டுச் சொற்களை மட்டும் அச்சிட்டால் அவை எவ்வளவு மெலிந்து தோன்றும் என்பதை முன்னரே சொன்னோம்.

இத்தட்டை நாம் சென்ற மாதம் அந்தச் சிரம்பான் நண்பர் வீட்டில் போட்டுக் கேட்டோம். அவர் தாயாருக்கு எண்பது வயதுக்குமேல்; முப்பது ஆண்டுக்குமேல் பால் வெட்டியவர்; இங்கிலீஷ் தெரியாது. பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், கூட்டம் பதில் சொல்லும் இடம் வந்ததும், "இது எந்தத் தோட்டத்துத் திருவிழா, தம்பி?" என்று கேட்டார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கோத்து டின்னைக் கொண்டுவந்தார். அதில் ஓர் ஒலிநாடா இருந்தது. உறுமி அடிப்பதில் பெயர் பெற்ற அவருடைய தகப்பனார், 1980-களில் மாரியம்மன் திருவிழா இரவொன்றில், கடன் வாங்கிய வானொலிப் பெட்டியில் பதிவு செய்த நாடா அது. பிற்காலத்தில் யாரோ அதன்மேலேயே சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டார்கள். கடைசியில் மட்டும் மூன்று நிமிஷம் போல் மிச்சமிருந்தது.

கேட்டோம். உறுமி இழுக்கிறது, தப்பு பின்னால் ஓடி வருகிறது. நாய் ஒன்று குரைக்கிறது. எவரோ ஒரு பெண், கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். ஆண்கள் ஒரே குரலில் ஏதோ சொல்லுகிறார்கள், சொல் பிடிபடவில்லை. அம்மூதாட்டிக்கு மட்டும் பிடிபட்டது. கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அதே சொல்லைத் தாமும் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லுமுன் நாடா தீர்ந்துவிட்டது.